மகளின் போனில் ஃபேமிலி லிங்க்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

எங்கள் மகளுக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது அவள் கையில் ஒரு ஸ்மார்ட்போனைக் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. மதுரையில் நானும் என் கணவரும் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடும். பள்ளி வேன் நாலரை மணிக்கே அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும். வீட்டில் அப்பத்தா இருக்கிறார் என்றாலும், டியூஷனுக்குக் கிளம்பிவிட்டேன், வந்து சேர்ந்துவிட்டேன் என்று எங்களுக்குச் சொல்ல அவளுக்கு ஒரு போன் தேவைப்பட்டது. பட்டன் போன் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் சனிக்கிழமை அபாகஸ் வகுப்பு ஆன்லைனில் நடக்கிறது, பள்ளியில் கொடுக்கும் செயல்திட்டங்களுக்குப் படமும் தகவலும் தேட வேண்டியிருக்கிறது, 2020-இல் கொரோனா காலத்தில் தொடங்கிய வழக்கப்படி பாதிப் படிப்பு இன்னமும் திரையில்தான் நடக்கிறது. என் கணவர் மாற்றிய பழைய ஆண்ட்ராய்டு போன் அலமாரியில் சும்மா கிடந்தது. அதில் இருந்த எல்லாவற்றையும் அழித்து அவளுக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்த அன்றே, பிள்ளையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த உதவும், கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியை அதனோடு இணைப்பது என்றும் முடிவுசெய்தோம். ஒன்றரை ஆண்டு அதை அன்றாடம் பயன்படுத்தியவள் என்ற முறையில், அது எதைச் செய்கிறது, எது அதன் கைக்கு எட்டாது என்பதை, இதே யோசனையில் இருக்கும் மற்ற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

ஃபேமிலி லிங்க் 2017-இல் அமெரிக்காவில் அறிமுகமாகிப் பிறகு மற்ற நாடுகளுக்கு வந்தது. அதற்குக் கட்டணம் கிடையாது. பெற்றோரின் போன் ஆண்ட்ராய்டாகவும் இருக்கலாம், ஐபோனாகவும் இருக்கலாம். ஆனால் பிள்ளையின் கருவி ஆண்ட்ராய்டாகவோ, கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக்காகவோ இருந்தால்தான் நேரக் கட்டுப்பாடு, பூட்டுதல் போன்ற முக்கியமான வேலைகள் நடக்கும். பிள்ளை ஐபோன் வைத்திருந்தால் இதை நம்பிப் பயனில்லை. ஆப்பிள் 2018 முதல் தன் போன்களிலேயே தரும் ஸ்கிரீன் டைம் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டில் இருக்கும் விண்டோஸ் லேப்டாப்பையும் ஃபேமிலி லிங்க் கட்டுப்படுத்தாது. அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் ஃபேமிலி சேஃப்டி தனியாக இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு போனும் ஒரு டேப்லெட்டும் இருந்தால், ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று நாம் வைக்கும் அளவு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகவே கணக்காகும் என்பதையும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மணி நேரம் என்று நாம் நினைத்திருப்பது இரண்டு மணி நேரமாக இருக்கக்கூடும்.

கூகுளில் 13 வயது நிறையாத பிள்ளைக்குக் கணக்கைப் பெற்றோர்தான் தொடங்கித் தர வேண்டும். நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஹாலில் பாய் விரித்து, இரண்டு போன்களையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இந்த இடத்தில் ஒரு யோசனை சொல்ல விரும்புகிறேன்: பிள்ளை தூங்கிய பிறகு இதைச் செய்துமுடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். திரையில் வந்த ஒவ்வொரு கேள்வியையும் நான் வாய்விட்டுப் படித்து, அதன் பொருளை அவளுக்குச் சொல்லி, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, அதன் பிறகே அடுத்த பக்கத்துக்குப் போனேன். பாதி வழியில் அவள் கேட்டாள்: "அம்மா, நான் யார்கூடப் பேசுறேன்னு இதுல உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். அது உண்மை. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தாள் என்பதை இது எனக்குக் காட்டும். அவள் எழுதும் செய்தியையோ, அந்த நேரத்தில் அவள் திரையில் ஓடுவதையோ காட்டாது. இதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பிள்ளையின் ஒவ்வொரு செய்தியையும் படித்துக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் வேறு செயலிகள் இருக்கின்றன. அவற்றை நான் ஏன் நாடவில்லை என்று உறவினர் சிலர் கேட்டபோது, அந்த மாலையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நேரக் கட்டுப்பாட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாளொன்றுக்கு மொத்தம் எவ்வளவு நேரம் என்பது. கிழமைக்கு ஒன்றாக மாற்றி வைக்கலாம். மற்றொன்று, இரவு இத்தனை மணி முதல் காலை இத்தனை மணி வரை போன் தானாகப் பூட்டிக்கொள்வது. பள்ளி நாட்களில் ஒரு மணி நேரம், சனி ஞாயிறுகளில் இரண்டு மணி நேரம், இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறரை வரை பூட்டு என்று நாங்கள் வைத்தோம். இந்தியக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பான ஐ.ஏ.பி. வகுத்த வழிகாட்டுதலில், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில், தூக்கம், படிப்பு, வெளியில் ஓடியாடுவது ஆகியவற்றுக்கான நேரத்தைத் திரை தின்றுவிடக் கூடாது என்பதே அளவுகோல். எங்கள் கணக்கு அதை ஒட்டியது. முதல் வாரத்திலேயே நாங்கள் செய்த பிழை ஒன்று புலப்பட்டது. ஒரு சனிக்கிழமை காலை அவள் தன் இரண்டு மணி நேரத்தையும் வீடியோ பார்த்தே முடித்துவிட்டாள். பதினொரு மணிக்கு அபாகஸ் வகுப்பு தொடங்கும்போது போன் பூட்டிக்கொண்டது. வகுப்புக்கான செயலியை எப்போதும் திறந்திருக்கும் செயலிகளின் பட்டியலில் நாங்கள் சேர்த்திருக்க வேண்டும். படிப்புக்கும் அழைப்புக்கும் உரியவற்றை அந்தப் பட்டியலில் வைத்துவிட்டு, மற்றவற்றுக்கு மட்டும் நேரம் ஓடும்படி செய்த பிறகு அந்தச் சிக்கல் வரவில்லை. தனித்தனிச் செயலிக்கும் அளவு வைக்கலாம். வீடியோவுக்கு அரை மணி என்று வைத்த பிறகு, மீதி நேரத்தைப் படம் வரைவதிலும் சதுரங்கத்திலும் செலவிடுகிறாள்.

போன் பூட்டியிருக்கும்போது பிள்ளையை அழைக்க முடியுமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பூட்டிய போனிலும் வரும் அழைப்பை எடுக்கலாம், அவசர அழைப்பையும் செய்யலாம். எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரில் சிக்னல் வராது. போன வருடம் மாசிக் களரித் திருவிழாவுக்குப் போயிருந்தபோது அவளுடைய நேரம் முடிந்து போன் பூட்டிக்கொண்டது, அவளோ பொங்கல் வைப்பதைப் படம் எடுக்க ஆசைப்பட்டாள். என் போனில் இருக்கும் ஃபேமிலி லிங்க்கில் ஓர் எண் கிடைக்கிறது. அதைப் பிள்ளையின் போனில் போட்டால், இணையம் இல்லாமலேயே பூட்டு திறக்கும். அந்த எண் சற்று நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பதால் பிள்ளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளவும் முடியாது. சிறிய வசதிதான்; ஆனால் ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இது இன்றியமையாதது.

இவ்வளவும் சரியாக நடந்துகொண்டிருந்தபோது, நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு கதவு திறந்தே இருந்தது. அது அப்பத்தாவின் போன். அதில் பூட்டு கிடையாது. திரையை மேலே தள்ளினால் திறந்துகொள்ளும். அவருடைய எண்ணும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வீட்டுப்பாடத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு போன் வீட்டில் இருக்க வேண்டும். தன் போனில் நேரம் முடிந்ததும், "அப்பத்தா, கணக்கு ஹோம்வொர்க் என்னன்னு பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போய், மாடிப்படியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் குறும்வீடியோக்களைப் பார்த்திருக்கிறாள். இது எத்தனை நாள் நடந்தது என்று கேட்டபோது அப்பத்தாவுக்கும் நினைவில்லை. ஒரு நாள் அவர் போனை நான் வாங்கிப் பார்த்தபோது, முளைப்பாரிப் பாட்டும் மருத்துவக் குறிப்பும் மட்டுமே வந்துகொண்டிருந்த இடத்தில் வரிசையாக வேறு எதையெதையோ அது காட்டியது. சிலவற்றைப் பதினொரு வயதுப் பெண் பார்த்திருக்கவே கூடாது. அந்தப் போன் ஒரு பெரியவருடைய கணக்கில் ஓடுகிறது. எந்த வடிகட்டியும் அதில் இல்லை. பார்ப்பது எழுபது வயதுக்காரர் என்றே அது நினைத்துக்கொண்டு அடுத்தடுத்து எடுத்துக் கொடுக்கிறது. ஒரு கூட்டுக்குடும்பத்தில் நான்கு போன் இருந்தால், அவற்றில் பிள்ளையின் போன் ஒன்றைத்தான் ஃபேமிலி லிங்க் காக்கிறது. மற்ற மூன்றையும் காப்பது நம் பொறுப்பு. பெரும்பாலான விமர்சனங்கள் தனித்தனி அறையில் தனித்தனிக் கருவி வைத்திருக்கும் வீட்டை மனதில் வைத்தே எழுதப்படுவதால், நம் வீடுகளின் இந்த நடைமுறையை யாரும் சொல்வதில்லை.

நாங்கள் செய்தது இதுதான். அப்பத்தாவின் போனுக்கு அவர் மறக்காத நான்கு எண்களை வைத்துப் பூட்டுப் போட்டோம். அதை ஏன் செய்கிறோம் என்பதை அவருக்கும் மகளுக்கும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னோம். வகுப்புக் குழுவில் வரும் வீட்டுப்பாடத்தை அவரே வாசித்துச் சொல்வார், மகள் நோட்டில் எழுதிக்கொள்வாள் என்று ஏற்பாடு. எழுத்துக்கூட்டிப் படித்தாலும் அப்பத்தா அதில் ஒரு நாளும் தவறியதில்லை; இப்போது ஆறாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் என்ன நடக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இனி இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பயன்பட்டதைச் சொல்கிறேன். பிள்ளை பிளே ஸ்டோரில் எதைப் பதிவிறக்க முயன்றாலும், பெற்றோரின் போனுக்கு ஒரு கோரிக்கை வரும்படி வைக்கலாம். பணம் கட்டுவதற்கு மட்டும் அனுமதி கேட்டால் போதும் என்றும் வைக்க இடம் உண்டு. ஆனால் இலவசச் செயலி உட்பட எல்லாவற்றுக்கும் கேட்கும்படி வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. முதல் மாதத்தில் பதினேழு கோரிக்கைகள் வந்தன. அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் நேரத்தில் போன் ஒலிக்கும். முகத்துக்குப் பூனை மீசை வரையும் செயலி ஒன்று வேண்டும் என்பாள். நான் அப்போதே அனுமதித்தோ மறுத்தோ முடித்துவிடாமல், இரவு சாப்பிட்ட பிறகு இருவரும் சேர்ந்து பார்ப்பது என்று வழக்கம் வைத்தேன். அந்தப் பூனை மீசைச் செயலியை அப்படித்தான் பார்த்தோம். படம் வரைய கேமரா கேட்பது நியாயம். அது போனில் உள்ள தொடர்பு எண்களையும் இருக்கும் இடத்தையும் ஏன் கேட்கிறது என்று அவளிடமே கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு வந்து மீசை வரையப் போறதில்லையே, அப்புறம் எதுக்கும்மா அட்ரஸ்?" என்றாள். அந்தக் கோரிக்கையை அவளே மறுத்துவிட்டாள். இப்போது மாதத்துக்கு இரண்டோ மூன்றோ கோரிக்கைகள்தான் வருகின்றன, அவற்றையும் அனுப்பும் முன்பே அவளே பார்த்துச் சலித்தெடுத்துவிடுகிறாள்.

அப்படிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டிய ஓர் இடத்தைச் சுட்ட வேண்டும். பிளே ஸ்டோரில் நம் நாட்டில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று வயதுக் குறியீடு இருக்கிறது. எந்தக் குறியீடு வரையிலான செயலிகள் பிள்ளையின் கண்ணுக்குப் படலாம் என்று ஃபேமிலி லிங்க்கில் வைத்துவிடலாம். ஆனால் அந்த எண், செயலியைச் செய்தவர்கள் அதில் வைத்திருக்கும் உள்ளடக்கத்துக்கான எண். வன்முறை உண்டா, ஆபாசம் உண்டா, சூதாட்டம் உண்டா என்பதை வைத்துத் தரப்படுவது. அதே விளையாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் பிள்ளையிடம் என்ன பேசுவார் என்பதை அந்த எண் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள, குறியீட்டுக்கு அருகில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்புகளைப் படிக்க வேண்டும்: பயனர்கள் ஒருவரோடொருவர் பேசலாம், உள்ளே பொருள் வாங்கலாம், இருப்பிடம் பகிரப்படும் என்பவை அங்கே குறிக்கப்பட்டிருக்கும். 3+ என்று போட்டிருக்கும் விளையாட்டிலும் முதல் குறிப்பு இருக்கக்கூடும். இன்னொன்று, ஒருமுறை அனுமதித்த செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடுவதற்கோ புதுப்பிப்பதற்கோ அனுமதி கேட்கப்படாது. அரட்டை வசதி இல்லாமல் வந்த விளையாட்டு, அடுத்த புதுப்பிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டால் நமக்குத் தகவல் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை மறுபடி பார்ப்பது நல்லது.

தேடலையும் வீடியோவையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூகுள் தேடலில் பாதுகாப்பு வடிகட்டி தொடக்கத்திலிருந்தே இயங்குகிறது. குரோமில் மறைமுக உலாவலுக்கான இன்காக்னிட்டோ பிள்ளையின் கணக்கில் கிடையாது. நாம் சேர்க்கும் தளங்கள் மட்டும் திறக்கும்படியும், தகாதவை என்று கூகுள் கருதுபவை மட்டும் தடைபடும்படியும் வைக்கலாம். எந்த வடிகட்டியும் முழுமையாகத் தடுத்துவிடாது என்று கூகுளே சொல்கிறது. இந்தத் தடை குரோமுக்கு உரியது. வேறொரு செயலியின் உள்ளேயே திறக்கும் வலைப்பக்கத்துக்கு அதே காவல் இருக்கும் என்று நம்ப முடியாது. வீடியோவுக்கு இரண்டு வழி உண்டு. யூடியூப் கிட்ஸ் 2016 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அதில், நாம் தேர்ந்தெடுத்த வீடியோக்களையும் சேனல்களையும் மட்டும் காட்டும்படி வைப்பது சிறந்தது. பத்து வயதைத் தொட்ட பிள்ளை அதைச் சின்னப் பிள்ளை விஷயம் என்று ஒதுக்கிவிடும். அவர்களுக்கு வழக்கமான யூடியூபையே பெற்றோர் மேற்பார்வையில் தரலாம். 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், ஏறக்குறைய எல்லாம் என்று மூன்று படிகள் இருக்கின்றன. எங்கள் மகளுக்கு முதல் படியை வைத்திருக்கிறோம். அறிவியல் சோதனைகளும் கைவேலைகளும் தடையின்றி வருகின்றன.

எந்தக் கருவியாலும் உள்ளே நுழைந்து பார்க்க முடியாத இடத்துக்கு இப்போது வருகிறேன். சென்ற ஆண்டு இறுதியில், படம் வரைந்து மற்றவர்கள் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை நானே அனுமதித்திருந்தேன். ஒரு மாலை நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போனோடு வந்து அருகில் நின்றாள். "அம்மா, இந்த அக்கா எந்த ஸ்கூல்னு கேக்குறாங்க, சொல்லலாமா?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். நன்றாக வரைகிறாய் என்று பாராட்டித் தொடங்கி, வயதைக் கேட்டு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, பள்ளியைக் கேட்டு, கடைசி வரியில் ஒரு போட்டோ அனுப்பு, யாரிடமும் சொல்லாதே என்று இருந்தது. அக்கா என்று பெயரில் இருந்ததே ஒழிய அங்கே யார் இருந்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? என் கை நடுங்கியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. எது நடந்தாலும் என்னிடம் சொன்னால் திட்ட மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன் என்று முதல் நாளே பாயில் உட்கார்ந்தபோது அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஃபேமிலி லிங்க்கின் திரையில் அன்று எனக்குத் தெரிந்தது, அந்த விளையாட்டில் 22 நிமிடங்கள் என்பது மட்டுமே. மீதியை அவள்தான் சொன்னாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த 22 நிமிடங்கள் மற்ற 22 நிமிடங்களைப் போலவே பட்டியலில் இருந்திருக்கும்.

அந்த உரையாடலை அழிக்காமல் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அந்த நபரைத் தடுத்து, விளையாட்டிலேயே புகார் பதிவுசெய்தேன். பிறகு என் போனிலிருந்தே அந்த விளையாட்டை அவள் போனில் முடக்கினேன். எங்களுக்கு அது அத்தோடு நின்றது. அதைத் தாண்டிப் போனவர்களுக்கும் வழி இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு உதவ 1098. இணைய வழியில் பணம் பறிபோனால் 1930. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தைப் பெயரைச் சொல்லாமலும் தெரிவிக்கலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் இத்தகைய செயல்களைக் கடுமையாகத் தண்டிக்கின்றன. பதற்றத்தில் பலரும் செய்துவிடும் ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையின் தகாத படம் எங்கேனும் பரவியிருப்பது தெரிந்தால், ஆதாரம் என்று எண்ணி அதை உறவினர் குழுவுக்கோ பள்ளிக் குழுவுக்கோ ஒருபோதும் அனுப்பக் கூடாது. இத்தகைய படங்களைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் தொடர்பான ஒரு வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ரத்துசெய்து, போக்சோ சட்டத்தின்கீழ் அது குற்றமாகும் என்று விரிவாக விளக்கியிருக்கிறது. படத்தைப் பரப்பாமல், அது இருக்கும் முகவரியைக் குறித்துக்கொண்டு காவல்துறையிடம் போவதே முறை.

இருப்பிடம் காட்டும் வசதியைப் பற்றிப் பெற்றோர் நிறைய எதிர்பார்க்கிறார்கள். போன் இயங்கிக்கொண்டிருந்து, இணையத் தொடர்பும் இருந்தால் மட்டுமே அது தெரியும். காட்டும் இடமும் தோராயமானது. வேன் தாமதமாகும் நாளில் அது எந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க அது போதும். அதை வைத்துப் பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. மகளிடம் கேட்டுவிட்டுத்தான் அதை இயக்கினேன். அவள் வேன் நேரத்தில் மட்டும் பார்ப்பீர்களா என்று கேட்டாள், அதற்கு ஒப்புக்கொண்டேன், அந்த வாக்கைக் காத்தும் வருகிறேன். பிள்ளையின் தரவு ஒரு பெரிய நிறுவனத்திடம் சேர்கிறதே என்ற கவலையும் நியாயமானது. பிள்ளைகளின் கணக்குக்கு அவர்களுடைய விருப்பத்தை அறிந்து குறிவைக்கும் விளம்பரம் காட்டுவதில்லை என்று கூகுள் சொல்கிறது. ஆனால் விளம்பரமே வராது என்று பொருளில்லை. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்றும் சொல்கிறது. இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படிக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைப் பெற்றோராகிய நாம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தனியாக ஓர் ஆண்ட்ராய்டு கருவியைக் கொடுக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். போனைக் கொடுக்கும் அன்றே போட வேண்டும். ஓர் ஆண்டு தாராளமாக விட்டுவிட்டுப் பிறகு போட்டால், பிள்ளைக்கு அது தண்டனையாகவே தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைப் புதிதாகத் திணிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வயதில் வேறு வகையான உடன்பாடுதான் வேண்டும். அப்பா அம்மா இருவரும் தங்கள் போனில் பெற்றோர் என்ற உரிமையோடு இணைந்திருப்பதும் அவசியம். எங்கள் வீட்டில் முதலில் என் போனில் மட்டும் இருந்தபோது, மறுக்கும் வேலை எனக்கும் சலுகை தரும் வேலை அவருக்கும் என்று ஆகிவிட்டது. இருவர் போனிலும் கோரிக்கை வரத் தொடங்கிய பிறகே, என்ன பதில் சொல்வது என்று நாங்கள் இருவரும் முதலில் பேசிக்கொள்ளத் தொடங்கினோம்.

சென்ற புதன்கிழமை மதியம் ஒரு கோரிக்கை வந்தது: இன்ஸ்டாகிராம். வகுப்பில் நான்கு பேர் அதில் இருக்கிறார்களாம். ஆண்டுவிழா நடனத்தை அதில் போட்டிருக்கிறார்களாம். இரவு வழக்கம்போல உட்கார்ந்தோம். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்க 13 வயது ஆக வேண்டும் என்பது அவர்களுடைய விதி என்றேன். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டால் தெரியாது என்று தோழி சொன்னதாகச் சொன்னாள். அப்படி மாற்றுவதால் வரும் இழப்பை அவளுக்கு விளக்கினேன்: 2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பதின்ம வயதினரின் கணக்கு தானாகவே, அவர்கள் அனுமதிப்பவர் மட்டும் பார்க்கக்கூடிய தனிக்கணக்காக இருக்கும், அவர்கள் பின்தொடராத அந்நியர் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குட்பட்டவர் அதைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும், பொய்யான வயதைப் போட்டுப் பெரியவளாக நுழைகிறவளுக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. நடனத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதானே ஆசை என்று கேட்டு, அந்தத் தோழியின் அம்மாவிடம் சொல்லி வீடியோவை என் வாட்ஸ்அப்புக்கு வரவழைத்தேன். அப்பத்தாவோடு சேர்ந்து மூன்று முறை பார்த்தாள். பதின்மூன்றாவது பிறந்த நாளன்று மறுபடியும் கேட்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போனாள். கேள் என்றேன்.